வால்வு பிடித்த மூச்சு

கோலின் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பர் மெர்வினின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி நல்ல கோடை; பெண்டிகோ ஊரின் வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. மெர்வின் மரவீட்டின் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யூகலிப்டஸ் தைல வாடை.

"மெதுவா வாய்யா. இப்பத்தான் தூங்கினா," என்று கிசுகிசுத்தார் மெர்வின்.

"யாரு தூங்கினா?" பக்கத்து அறையிலிருந்து அவர் மனைவி நொலீனின் குரல் வந்தது. "இன்னொரு பெட்டியா? கோலின், நான் கால் நீட்டவாவது இந்த வீட்டுல இடம் விடுங்கய்யா."

அவ்வளவு பேசியதற்கே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மெர்வின் ஓடிப்போய் இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினார். நுரையீரல் கெட்டு இரண்டு வருஷம். இழுப்பு வந்த உடனே மருந்து உள்ளே போக வேண்டும், பத்து நிமிஷம் தாமதமானால் அவ்வளவுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கூப்பிட அவளுக்குத் தெம்பு இருக்காது. மெர்வினின் காதுதான் அவள் உயிர்.

அந்தக் காதுக்கு இரண்டு வருஷமாகப் பாட்டு கிடையாது. ஸ்பீக்கர் லேசாக அதிர்ந்தாலே அவள் நெஞ்சு தாங்கவில்லை. நொலீன்தான் கோலினுக்கு போன் போட்டு, "இந்தக் கிழவன் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல, ஏதாவது பண்ணு," என்று சொல்லியிருந்தாள்.

"ஹெட்போன் மாட்டினா இவ இழுக்கிறது எனக்குக் கேக்காதேய்யா," என்றார் மெர்வின்.

"இது பின்பக்கம் திறந்த வகை. வெளிச் சத்தமும் கேக்கும், பயப்படாத." கோலின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நுழைந்தார். "பெரிய ஆம்ப்ளிஃபையர்ல டேப் அவுட்னு ரெண்டு ஓட்டை இருக்கு பாரு, அதுலேர்ந்து இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு வயர். பெரிய வால்யூமை அடியோட குறைச்சு ஸ்பீக்கரை ஊமையாக்கினாலும் இதுக்கு வர்றது வந்துக்கிட்டே இருக்கும். ஹெட்போனுக்கு வேணும்கிற சத்தத்தை இதோட குமிழ்லயே வச்சுக்கோ."

ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பழைய பெட்டி அது. சுவிட்சைப் போட்டதும் மேலே பல்பு மாதிரி நின்ற இரண்டு கண்ணாடி வால்வுகளும் மெல்லச் சிவந்தன. சூடேறிய தூசி வாடை அடித்தது.

இந்த ஹைஃபை பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமானை மாட்டினால் முதலில் பாட்டுப் போடமாட்டார்கள். எதையும் ஓடவிடாமல், குமிழை மட்டும் முழுக்கத் திருகி, வெறும் மௌனத்தைக் கேட்பார்கள். அதில் இரைச்சல் இல்லையென்றால்தான் சாமான் உருப்படி. மெர்வினும் அப்படித்தான் கேட்டார்.

இரைச்சல் இல்லை.

யாரோ மூச்சு விட்டார்கள்.

மெர்வின் குமிழிலிருந்து கையை எடுத்தார். ஹெட்போனைக் கழற்றாமல் எழுந்து, வயர் எட்டிய மட்டும் நகர்ந்து பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். நொலீனின் நெஞ்சு ஏறும்போது காதில் மூச்சு உள்ளே போனது. இறங்கும்போது வெளியே வந்தது. அவள் இருமினாள். காதுக்குள்ளும் இருமினாள்.

கோலினும் வாங்கிக் கேட்டார். முகம் ஒரு கணம் மாறியது. உடனே பென்சிலால் ஒரு வால்வைத் தட்டினார். ஹெட்போனில் டிங்கென்று மணி அடித்தது.

"அட, இவ்வளவுதானா! வால்வு பழசாப் போச்சுன்னா மைக் மாதிரி அதிர்வைப் பிடிக்கும்யா. தரைப்பலகை வழியா அவ கட்டில் அதிர்வு வருது. வேற வால்வு போட்டுரலாமா?"

"வேணாம்," என்றார் மெர்வின் அவசரமாக. "இது இருக்கட்டும்."

பிறகு அவர் பாட்டே போடவில்லை. தினமும் மதியம் நாற்காலியில் சாய்ந்து, மனைவியின் மூச்சைக் கேட்டபடி கிடந்தார்.

"என்ன பாட்டு?" என்று கேட்பாள் நொலீன்.

"உன் பாட்டுதான்."

"பாவம், சுதியே சேராதே!"

இரண்டு முறை இழுப்பு தொடங்கியது காதில் விழுந்து, அவள் கண் விழிப்பதற்குள் இன்ஹேலரோடு போய் நின்றார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்ப் பார்க்கும் பழக்கத்தை அதோடு விட்டுவிட்டார். எதற்குப் போக வேண்டும், காதுக்குள்தானே இருக்கிறாள்?

மூன்றாவது வியாழக்கிழமை மதியம் மூச்சு மிக நன்றாக இருந்தது. கரகரப்பு இல்லை, விசில் இல்லை. இருபது வயதுப் பெண் அசந்து தூங்குவது போல ஒரே சீராக வந்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மெர்வின் அசையாமல் கேட்டார். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. புது மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தார். டீ போட்டு, அவளுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட் இரண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

இன்ஹேலர் தரையில் கிடந்தது.

அவள் கை கதவை நோக்கி நீண்டிருந்தது.

தொட்டார். வெளியே நாற்பது டிகிரி வெயில். அவள் நெற்றி சில்லென்று இருந்தது.

"உயிர் போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க," என்றாள் ஆம்புலன்ஸில் வந்த பெண். "நீங்க வெளியில எங்கயாவது போயிருந்தீங்களா?"

"இல்லம்மா," என்றார் மெர்வின். "பத்தடி தள்ளிதான் இருந்தேன். கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

அந்தப் பெண் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மெர்வின் திரும்பிப் பார்த்தார். நாற்காலியின் கையில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அறை அமைதியாக இருந்ததால் அங்கிருந்தே கேட்டது.

மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து எட்டு நாள் மெர்வின் அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை கோலின் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக வந்தார்.

"வால்வைக் குறை சொன்னவன் நான். அந்தப் பாவம் என்னோடதுய்யா," என்றார்.

"உன் மேல என்ன இருக்கு? எழுந்து ஒரு தரம் போய்ப் பார்த்திருந்தா போதும். பார்க்காதவன் நான்தானே." மெர்வின் அறை வாசலிலேயே நின்றார். "எடுத்துட்டுப் போயிரு. வேற ஒண்ணும் பண்ணாத."

ஆனால் கோலின் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். காரணம் தெரியாமல் அவரால் இருக்க முடியாது. குமிழை முழுக்கத் திருகிவிட்டு, ஹைஃபை பைத்தியங்கள் எல்லாரையும் போலக் கண்ணை மூடினார்.

"கேக்குதா?" என்றார் மெர்வின். "அவளா?"

"இல்ல." கோலின் நெற்றியைச் சுருக்கினார். "ஆம்பள மூச்சு."

தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"நீயாத்தான் இருக்கும்," என்றார் கோலின் மெதுவாக. "நீ நிக்கிற பலகையைத்தான் பிடிக்குது போல. எங்க, மூச்சை ஒரு நிமிஷம் அடக்கு, பார்ப்போம். நின்னுச்சுன்னா வால்வுதான். நிம்மதியாப் போயிரலாம்."

மெர்வின் மூச்சை அடக்கினார்.

"நிக்கல," என்றார் கோலின்.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வால்வுகள் மங்கி அணைந்தன.

"இன்னும் வருதுய்யா மெர்வ்."

மெர்வின் அடக்கிய மூச்சை விடப் பார்த்தார்.

வரவில்லை.

வாயைத் திறந்தார். காற்று உள்ளேயும் போகவில்லை. நெஞ்சு பலகையாக இறுகிவிட்டது. கோலின், என்று கூப்பிட நினைத்தார். உதடு மட்டும் அசைந்தது. கதவு நிலையைப் பிடித்த கை வழுக்கியது. முழங்கால் மடங்கி, மண்டியிட்டு, பத்தடி தள்ளி நின்ற நண்பனை நோக்கிக் கையை நீட்டினார். அவளும் இப்படித்தான் நீட்டியிருப்பாள் என்று புரிந்தது. ஐயோ நொலீன், என்று மனசுக்குள் அலறினார்.

கோலின் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ நல்லா இருக்கய்யா," என்றார். "சின்னப் பையன் தூங்குற மாதிரி, என்ன சீரா வருது தெரியுமா!"