அம்புக்குறியில் ஒரு கல்

எபியின் வாயை மூட ஒரே வழிதான் உண்டு. அதில் ஒரு கடலை மிட்டாயைப் போட வேண்டும். அப்படிப்பட்ட தம்பியைத்தான் ஜோசலின் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தாம்பரத்து ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மார்ச் மாதம் வந்தால் வேனில் ஆற்றங்கரைக் காட்டுக்குப் போய் நடப்பார்கள். இரண்டு பேர் முன்னால் போய்க் கூழாங்கற்களால் அம்புக்குறி போடுவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் வருவார்கள். குறி சொதப்பினால் அடுத்த வருஷம் அந்த வாய்ப்பு கிடையாது. ஜோசலின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இதற்காகக் காத்திருந்தாள்.

புங்க மரங்கள் தளிர்விட்டிருந்தன. மணலுக்கு நடுவே ஆறு மெலிந்து ஓடியது. எபி கல் பொறுக்கித் தந்தான், ஜோசலின் அடுக்கினாள். தலைக்கு மேல் ஓர் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே சுற்றியது.

"அக்கா, இது ஏன் நம்மள திட்டுது?"

"உன் பேச்சு அதுக்கும் தாங்கல போல."

அம்பின் கடைசிக் கல்லை வைத்தபோது அவள் கை நின்றது. கல் லேசாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"எபி, இதை எங்க எடுத்த?"

"அதோ, வழியிலதான். இன்னும் மூணு இருக்கு."

"ஐயோ! இது கல்லு இல்லடா, அந்தப் பறவையோட முட்டை!"

எபியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் உடைச்சிட்டேனா?"

"இல்லடா, உடையல."

இருவரும் ஓடினார்கள். பாதை நடுவே ஒரு சின்னப் பள்ளத்தில், கூர்முனைகள் உள்ளே பார்த்தபடி, மூன்று முட்டைகள் இருந்தன. ஓர் இடம் காலி. ஜோசலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்காவதை அங்கே வைத்தாள்.

பின்னால் பாட்டுச் சத்தம் நெருங்கியது. அம்புக்குறி இந்தப் பள்ளத்தை நோக்கித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர்கிட்ட சொல்லலாம்க்கா!"

"சொன்னா எல்லாரும் பார்க்க ஓடி வருவாங்க. யார் கால் எங்க படுமோ!"

வலது பக்கம் இன்னொரு வழி இருந்தது. சுற்று வழி, அதுவும் முட்புதர். அந்தப் பக்கம் திருப்பினால் அடுத்த வருஷத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஜோசலினுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே கற்களைக் கலைத்து, அம்பை முட்புதர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆற்று வளைவில் எல்லோரும் வந்து சேர்ந்தபோது உடுப்பெல்லாம் முள்.

"சூப்பர் வழி!" என்றான் மெர்வின். "டீச்சர், இனிமே இவங்கள முன்னால அனுப்பாதீங்க!"

ஞானஜோதி டீச்சர் புடவை ஓரத்தில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். "நேர் வழி இருக்கே ஜோசலின், ஏன்மா சுத்த விட்ட?"

"வேன் கிளம்பினதும் சொல்றேன் டீச்சர்."

எபி வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். வாயில் மிட்டாய்கூட இல்லை!

சாயங்காலம் வேன் புறப்பட்டுச் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியது. அதற்கு மேல் எபியால் முடியவில்லை.

"டீச்சர், நான் எடுத்த கல்லு எப்ப பறக்கும்?"

வேனே சிரித்தது. "கல்லு பறக்குமாடா, லூசு!" என்று மெர்வின் அவன் தலையில் தட்டினான்.

ஜோசலின் எழுந்து நின்று நடந்ததை எல்லாம் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மெர்வின் தன் சட்டையிலிருந்து கடைசி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எபி பக்கம் திரும்பினான்.

"ஆமா... எப்பதான் பறக்கும்?"