முகம் காட்டினால்தான் ஆஜர்

சேலம் பஸ் என்னை எஸ்டேட் முக்கில் இறக்கிவிட்டபோது மணி நான்கு. அதற்குள் பனிமூட்டம் இறங்கி, காப்பிச் செடிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். கம்ப்யூட்டர் கடை சசிரேகா சொன்னது காதிலேயே நின்றது.

"ஏனுங்கண்ணா, இது அக்கா மூஞ்சியப் பாத்தாத்தான் தொறக்குமுங்க. போட்டோவக் காட்டி ஏமாத்த முடியாதுங்க. உசுரோட இருக்கற மூஞ்சி வேணுமுங்க."

அக்கா என்றது கனகாவை. என் மனைவி. அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

தப்பு முழுக்க என்னுடையது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன். காலையில் பேர் கூப்பிட்டதும் எதிரே வந்து முகம் காட்டினால்தான் ஆஜர் போடுவேன். அதே புத்தியோடுதான் கம்ப்யூட்டரும் வாங்கினேன். விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று ஒரு மாதம் நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். எதில் வைரஸ் நுழையாது, எது போட்டோக்களை ஒழுங்காக அடுக்கும், எது திருடன் கையில் சிக்கினாலும் வாய் திறக்காது என்று.

"நம்மூட்டுப் போட்டோவ ஆருங்க திருடப் போறாங்க? அந்தப் பழைய டப்பாவே போதுமுங்க" என்று கனகா சிரித்தாள்.

நான் கேட்கவில்லை. எல்லாப் படங்களையும் புதியதில் ஏற்றி, பழையதில் அழித்தேன். படங்களை அடுக்குவது அவள் வேலை என்பதால் பூட்டுக்கு அவள் முகம். யாரும் பார்க்காவிட்டால் அரை நிமிஷத்தில் திரை அணைந்து பூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். ரகசிய எண்ணை என்னிடம்கூடச் சொல்லாதே என்றேன். அவளும் சொல்லாமலே போய்விட்டாள்.

அடுத்த மாதம் வருஷத் திதி. பழைய ஆல்பத்தை ஈரம் தின்றுவிட்டது; மாலை போட ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது அவள் என்று நானே நம்ப மாட்டேன்.

வீட்டுக்குள் ஈரச் சுவர் வாசனை. லேப்டாப்பை மேசையில் திறந்து வைத்தேன். என் முகத்தை அது ஏற்கவில்லை. பேச ஆளில்லாத வீட்டில் பழைய பழக்கம் தானாக வாயில் வரும். ஆஜர் எடுக்கிற குரலிலேயே கூப்பிட்டேன்.

"கனகா."

பக்கத்து நாற்காலி லேசாக முனகியது.

தேங்காயெண்ணெய் வாசனை.

திரை திறந்துகொண்டது.

படங்கள் வரிசையாக விரிந்தன. சேர்வராயன் கோயில் திருவிழாவில், காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள். திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து ஓடத் தோன்றவில்லை. பதினொரு மாதமாக அந்த மேசையில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது. சசிரேகா.

"தொறந்துச்சுங்களாண்ணா? தப்பித் தவறித் தொறந்தா, எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக்கோங்க. பொறவு பூட்டையே எடுத்துரலாமுங்க."

பூட்டை எடுத்துவிட்டால் முகம் வேண்டியதில்லை. முகம் வேண்டாமென்றால் அவள் எதற்கு வருவாள்?

"இல்ல கண்ணு" என்றேன். "தொறக்கல."

மாலை போட ஒரே ஒரு படத்தைத் திரையிலிருந்து போனில் பிடித்துக்கொண்டேன். சசிரேகா கொடுத்தனுப்பிய பென்டிரைவ் சட்டைப்பையிலேயே கிடந்தது. டீ போட அடுப்படிக்குப் போய், இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். பால் பொங்க ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

திரும்பிப் பார்த்தேன்.

அறைச் சுவரில் திரையின் வெளிச்சம் அணையாமல் இருந்தது.

நீலமாக இருந்தது மஞ்சளானது. சற்று நின்று, பச்சையானது.

படங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன.