ஓட்டையில்லாத பொத்தான்கள்

காசநோய்க்காரர்களின் வீடு வீடாகப் போய், அவர்கள் மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து அட்டையில் டிக் போடுவது அவள் வேலை. அதனால் ஊருக்கெல்லாம் அவள் மாத்திரைக்கா. அன்று காலை சந்தின் கடைசி வீட்டுப் படியில் கால் வைத்ததும், பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"தம்பி, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது.

அந்தத் தையல்காரத் தம்பி இறந்து இருபது நாளாகிறது.

கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டக்கா பேசிட்டிருக்கீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். தையல்காரனின் மனைவி ஒரு கையில் தண்ணீர்க் குடமும் மறு கையில் நாலு வயது மகளுமாக நின்றிருந்தாள். "யாருமில்லம்மா" என்று சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. இருமல் சத்தம் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதென்று அவன் சாத்திய ஜன்னல், இன்னும் சாத்தியபடியே இருந்தது. மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாடை போகவில்லை. மிஷினை மட்டும் அவன் அண்ணன் எடுத்துப் போயிருந்தார். மூலையில் அதன் நாலு கால்களின் தடம் தெரிந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னாள். "பாப்பாவுக்கு எக்ஸ்ரேல ஒண்ணுமில்லம்மா. ஆனா அவரு இருமின காத்துதானே அவளும் சுவாசிச்சிருக்கா. கிருமி உள்ள பதுங்கியிருந்தாலும் இருக்கும். தினம் மாத்திரை, ஆறு மாசம். வராமலே தடுத்துடலாம்."

"நல்லா ஓடியாடுற பிள்ளைக்கு எதுக்குக்கா?" மனைவியின் முகம் இறுகியது. "அவரும்தான் ஒரு நாள் விடாம போட்டாரு. அட்டை பூரா நீங்கதானே டிக் போட்டீங்க? என்ன ஆச்சு? அந்த மாத்திரைய நம்பி இவளையும் வாரிக் குடுக்கவா?"



கடைசி இரண்டு மாதம் மாத்திரைக்கா இந்த வாசலைத் தாண்டியதே இல்லை. உள்ளே போனால் பத்து நிமிடம் ஆகும், இன்னும் பதினோரு வீடு பாக்கி, முழங்கால் வலி வேறு. உண்மையைச் சொன்னால் அந்த இருட்டறைக்கும் இருமலுக்கும் பயந்தாள். படியில் நின்று கேட்பாள். அவன் "போட்டாச்சுக்கா" என்று கதவிடுக்கில் காலி மாத்திரை அட்டையை நீட்டுவான். அட்டை காலியாயிருந்தால் போதாதா? டிக் போட்டுவிட்டு நடையைக் கட்டுவாள்.

"சரிம்மா, யோசிச்சு சொல்லு" என்று எழுந்தாள். அப்படியே நழுவிவிடலாமென்றுதான் பார்த்தாள்.

டக டக டக.

மூலையில் மிஷின் மிதிக்கும் சத்தம்.

நின்றது. இரண்டு இருமல். மறுபடி, டக டக டக.

அங்கே மிஷின் இல்லை. நாலு தடம்தான் இருந்தது.

அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பா தானாக நகர்ந்து கீழே விழுந்தது.

"அப்பாவோட பொத்தான் டப்பா!" குழந்தை ஓடிப்போய்ச் சிதறியதை அள்ளினாள். வெள்ளை, கறுப்பு, நீலம். நடுவே மங்கிய சிவப்பாக நிறைய. அதிலொன்றை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, இந்தப் பொத்தானுக்கு ஓட்டையே இல்ல."

எண்ணிப் பார்க்க அவசியமில்லை. எத்தனை நாள் மாத்திரை என்று மாத்திரைக்காவுக்குத் தெரியும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாத்திரை அவர கைவிடலம்மா. நான்தான் கைவிட்டேன். அவரு முழுங்குறத பாக்காமலே டிக் போட்டேன்."

மனைவிக்கு அழுகையும் பேச்சுமாக வந்தது. "மாத்திரை போட்டா குமட்டுது, கை நடுங்குது, ஊசில நூல் கோக்க முடியலன்னு எங்கிட்ட புலம்புவாருக்கா. அக்கா வந்தா சொல்லுங்கன்னேன். நீங்க உள்ள வந்து உக்காந்திருந்தா சொல்லியிருப்பாரு."

குமட்டலுக்கு வழி இருந்தது. ஒரு வார்த்தை டாக்டரிடம் சொல்லியிருந்தால் போதும். பாவி, அந்த வார்த்தையைக் கேட்க அவள் அங்கே இல்லை.

கடைசியில் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைலேருந்து பிள்ளைக்குக் குடுங்க. உள்ள வந்து குடுங்க. வாசல்ல நிக்கிறதா இருந்தா வரவே வேண்டாம்."

மாத்திரைக்கா ஜன்னலைத் தோளால் முட்டித் திறந்தாள். நாலு தடங்களின் மேலும் வெயில் விழுந்தது.

ஐந்து மாதம் தவறாமல் உள்ளே போனாள். ஒரு நாள் அடை மழை. முழங்கால் உயிரை எடுத்தது. குடையை மடக்கச் சோம்பல் பட்டு, படியிலேயே நின்றாள்.

"பாப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

பாப்பா அவளை அத்தை என்றுதான் கூப்பிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். போர்வைக்குள் குழந்தை, மூடிய கையும் திருட்டு முழியுமாக. கையைப் பிரித்தால் மாத்திரை.

"கசக்குது அத்தை."

"தெரியும்டி கண்ணு."

மடியில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்க வைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

டிக் போட்டதும் மூலையில் மிஷின் ஓட ஆரம்பித்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

டக டக டக என்று அது வெகுநேரம் ஓடியது. ஒரு தடவைகூட இருமலுக்காக நிற்கவில்லை.