செருப்பில்லாத கால்கள்

நீலமுனையின் நடுத்தெருவில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைவாசலில் ஒருவர், கைப்பிடிக் கம்பியோரம் இருவர், ஒரு தூணடியில் குடும்பமாக நாலைந்து பேர். வெயில் கொளுத்துகிறது, ஒருவரும் அசையவில்லை. படத்தின் மூலையில் பச்சை நிறத்தில் மெய்முத்திரை. 'தென்கரை' நாளிதழின் படப்பிரிவில் உட்கார்ந்து பூங்கோதை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவர்கூட இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வாசகர்களுக்குத் தெரியாது. படம் செய்தித்திரையில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே கருத்துகள் வந்து குவிந்தன. குண்டு விழுகிற ஊரிலும் இப்படித் தூங்க முடிகிறதே, கொடுத்துவைத்த பிறவிகள் என்றார் ஒருவர். இவர்களைக் கூட்டிவரவா மக்கள் வரிப்பணத்தில் கப்பல் கேட்கிறீர்கள் என்று மல்லுக்கு நின்றார் இன்னொருவர். மீட்புத் துறையும் அதையேதான் சொன்னது. படங்களைப் பார்த்தால் நிலைமை அமைதியாக இருக்கிறது, கப்பலுக்கு அவசரமில்லை.

நீலமுனை என்பது ஆழ்கடலில் நிற்கும் மிதவூர். கடலடியில் உலோகம் தோண்டுவதற்காக ஆயிரக்கணக்கான மிதவைகளைக் கோத்து எழுப்பிய ஊர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர். தோண்டும் உரிமைக்காக இரண்டு சுரங்கக் கூட்டணிகள் அடித்துக்கொள்ள, நடுவில் மாட்டிக்கொண்டது ஊர். அங்கிருந்த ஒரே ஆஸ்பத்திரியில் பூங்கோதையின் தம்பி நேசன் செவிலியராக இருந்தான். கப்பல் போனால்தான் அவன் வருவான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சண்டைப் படங்களை உள்ளபடி போட்டுவிடலாமே என்றால், உள்ளபடி என்று ஒன்று கிடையாது. உலகத்தில் எந்த மூலையில் எடுத்த படமும் செயற்கைக்கோளில் ஏறும்போதே தணிப்பான் என்ற பொறிக்குள் புகுந்துதான் வெளியே வரும். தணிப்பான் ரத்தத்தைத் துடைத்துவிடும், காயத்தை மூடிவிடும், செத்தவர்களைத் தூங்கவைத்துவிடும். பிறகு, இது பொய்ப்படமல்ல, மெய்யான கருவியில் எடுத்தது என்று முத்திரை குத்தும். பொய்ப்படங்களும் பொய்க்குரல்களும் பெருகி, யாரும் எதையும் நம்பாமல் போன காலத்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. முத்திரையில்லாத படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பார்கள். அழுகிற குரலைக் கேட்கவைத்தால் எந்தப் பொறியில் செய்தீர்கள் என்பார்கள்.

சட்டம் போட்டவர்களை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. தணிப்பானுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குழுவில் பூங்கோதையும் இருந்தாள். செத்தவர்களை எப்படிக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது, அழித்துவிடலாம் என்றார்கள் சிலர். வேண்டாம், கண்ணை மட்டும் மூடிவிடுங்கள், தூங்குகிற மாதிரி இருக்கட்டும் என்றது அவள்தான். துறைமுகத் தீ விபத்தில் அப்பா கருகிக் கிடந்த படத்தை ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. டீக்கடையில் தொங்கிய அந்தத் தாளில், அரைஞாண் கயிற்றை வைத்து அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். அன்றோடு அவள் செய்தி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தணிப்பான் வந்த பிறகுதான் மறுபடி திரைமுன் உட்காரத் தொடங்கினாள். இன்னொரு அம்மாவுக்கு அந்த டீக்கடை வேண்டாம் என்று நினைத்ததில் என்ன தப்பு?

அன்று மத்தியானம் நேசன் கூப்பிட்டான். கீழ்த்தட்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டதாம். உயிர் பிழைத்தவர்கள் நீந்தி ஆஸ்பத்திரியின் மேல்தட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்களாம். மருந்து தீர்ந்துவிட்டது. அவள் தூங்குகிறவர்கள் படத்தைப் பற்றியும் வாசகர்கள் எழுதியதைப் பற்றியும் சொன்னாள்.

"நாங்க செத்தோம்னு சொல்லக்கூட ஒரு படம் இல்லையாக்கா?" என்றான் அவன்.

தணிப்பான் எதையெல்லாம் மறைக்கும் என்று அவன் துருவித் துருவிக் கேட்டான். ரத்தம், காயம், திறந்த கண் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் செய்த பொறிதானே அது என்று கேட்டுவிட்டு, நாளைக்கு ஒரு படம் வரும், பாரு என்று வைத்துவிட்டான்.

மறுநாள் படம் வந்தது. ஆஸ்பத்திரித் தட்டில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, உடுப்பில் ஒரு கறை இல்லை. எல்லார் முகத்திலும் நல்ல தூக்கம். ஆனால் ஒவ்வொருவரின் தாடையையும் உச்சந்தலையோடு சேர்த்துத் துணிக்கட்டு போட்டிருந்தது. கால்களின் பெருவிரல் இரண்டும் சேர்த்து நாடாத்துணியால் கட்டப்பட்டிருந்தன. தணிப்பானுக்கு அது வெறும் துணி. தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் ராயப்பன் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். நின்றபடியே நெடுநேரம் பார்த்தார். தலைப்பு என்ன வைக்க என்று பூங்கோதை கேட்டதற்கு, இதற்கு எதுக்கும்மா தலைப்பு, அப்படியே போடு என்றார்.

முந்தின நாள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியவர்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைகள் அடைத்தன. சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவையைச் சுற்றிவந்தார். அன்று சாயங்காலமே தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பியது.

செய்தி கேட்டு நேசன் சிரித்தான். எத்தனை நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு! அம்மாவிடமும் பேசிவிட்டானாம், நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிட்டானாம்.

"கப்பல்ல ஒரு மூட்டை செருப்பு போட்டுவிடச் சொல்லுக்கா. எல்லாம் நீந்தி வந்த கூட்டம், இங்க ஒருத்தர் காலிலயும் செருப்பு கிடையாது. என்னோடதையும் தண்ணி கொண்டுபோயிட்டு. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. எனக்கு ஒன்பதாம் நம்பர், மறந்துராத."

தணிப்பானும் சும்மா இருக்கவில்லை. அதற்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். பார்க்கிறவர்களின் கண் எதைக் கண்டு கலங்குகிறதோ அதை மறை. ஒவ்வொரு செய்தித்திரையும் பார்ப்பவரின் விழியை அளந்து அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான விழிகள் ஒரே படத்தைப் பார்த்துக் கலங்கியதும் அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியது.

பூங்கோதை தப்புச் செய்தது அதற்கடுத்துத்தான். மறுநாள் நேசன் இன்னொரு படம் அனுப்பினான். குண்டு ஓய்ந்த ஒரு பிற்பகலில் வார்டு முழுக்க அசந்து தூங்கிவிட்டார்களாம். கழுத்துவரை போர்வை போர்த்தி, மெய்யாகவே தூங்கும் உயிருள்ள மனிதர்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார்கள், கப்பல் வருகிறது என்று எழுதி, யோசிக்காமல் போட்டுவிட்டாள்.

வாசகர்கள் இப்போது விவரம் தெரிந்தவர்கள். படத்தில் தூக்கம் என்றால் என்னவென்று நேற்றுத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போய்விட்டார்களே என்று ஊரெல்லாம் அழுகை. தெருமுனையில் மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். காலில் கட்டு இருக்கிறதா என்று போர்வைக்குள் யார் பார்ப்பது? பூங்கோதை மறுப்பு எழுதினாள், மன்றாடினாள். செய்திப்படங்களுக்கு அடியில் எழுதுவதை எவரும் நம்பி வெகுகாலமாகியிருந்தது. மீட்புத் துறை நடுக்கடலில் கப்பலை நிறுத்தியது. பிணங்களை எடுத்துவர மாலுமிகளைப் பலிகொடுக்க முடியாது என்றது.

அவள் நேசனைக் கூப்பிட்டு, எல்லாரையும் எழுப்பு, உட்காரவை, கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிப் படம் எடு என்றாள். எடுக்கேன்க்கா, ரெண்டு நிமிஷம் என்றான். அத்தோடு இணைப்பு அறுந்தது. ஆஸ்பத்திரியின் மேல் குண்டு விழுந்ததென்று பிறகுதான் செய்தி வந்தது.

குரல் திரும்பி வரவேயில்லை. மறுநாள் காலையில் ஒரு படம் மட்டும் வந்தது, வேறு யாரோ எடுத்தது. ஆஸ்பத்திரித் தட்டில் எல்லாரும் வரிசையாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கண்களும் திறந்திருந்தன. எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் நேசன்.

பக்கத்து மேசைப் பெண் பூங்கோதையைக் கட்டிக்கொண்டாள். பாருங்கக்கா, தம்பி எப்படிச் சிரிக்காரு என்றாள். ராயப்பன் மட்டும் முகம் செத்து நின்றார். தணிப்பானின் புதுப் பதிப்பு நேற்றிரவு வந்துவிட்டது, தூங்குகிற முகம் இப்போது வாசகர்களைக் கலங்கடிக்கிறதென்று அது கண்டுகொண்டது, அதனால் செத்தவர்களின் கண்ணைத் திறந்து உட்காரவைக்கிறது, எல்லார் முகத்திலும் சிரிப்பை ஒட்டுகிறது என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

மீட்புத் துறை அதிகாரி குலசேகரனை அவள் தொலைபேசியில் பிடித்தாள். அவர் கெட்ட மனிதரல்ல. அந்தப் படம் அவர் மேசையிலும் இருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையில்லையாம்மா? நீங்கதான் இந்தப் பொறிக்கே பாடம் சொன்னவங்க. நீங்களே சொல்லுங்க, இதுல யாரு உயிரோட இருக்காங்க, யாரு இல்ல? ஒருத்தரையாவது உறுதியாச் சொல்லுங்க, நான் கப்பலை விடுதேன்."

பூங்கோதை பார்த்தாள். முகம் முகமாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே பிரகாசம், ஒரே சிரிப்பு. அவள் போட்ட விதை அவ்வளவு அழகாக முளைத்திருந்தது. தம்பியின் முகத்தில் நிறுத்திப் பார்த்தாள். சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு வந்து நிற்பானே, அதே சிரிப்பு. கண்ணு, நீ இருக்கியாடா என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பார்வை அவன் முகத்திலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து நீட்டிய கால்களுக்கு இறங்கியது.

காலில் செருப்பு இருந்தது. புத்தம்புதிய பழுப்பு நிறச் செருப்பு.

அவள் வரிசை முழுவதையும் மறுபடி பார்த்தாள், இந்தத் தடவை கால்களை மட்டும். சிலர் காலில் அதே பழுப்புச் செருப்பு. மற்றவர்களெல்லாம் வெறுங்கால். யாரோ செத்தவர்களின் பெருவிரல்களைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டு வாசகர்களைக் கலங்கடிக்கும் என்று கற்றுக்கொண்ட தணிப்பான் அதை மறைக்கச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறது.

"சார், செருப்பு போட்டவங்க செத்தவங்க. வெறுங்காலோட இருக்கவங்க உயிரோட இருக்காங்க, எண்ணிப் பாருங்க, பாதிக்குமேல இருக்காங்க."

"அதெப்படிம்மா அவ்வளவு உறுதியா..."

"அங்க ஒருத்தர்கிட்டயும் செருப்பு கிடையாது சார். என் தம்பி சொன்னான். ஓரத்துல சிரிக்கானே, அவன்தான்."

குலசேகரன் வெறுங்கால்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, கப்பல் போகும்மா என்றார். பூங்கோதை தொலைபேசியை வைத்துவிட்டு, மேசையில் முகத்தைப் புதைத்து, ஆபீஸே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதாள். அம்மாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கிறவரைக்கும் சொல்ல வேண்டாம், ஒருவேளை, ஒருவேளை என்று நாளைக் கடத்தினாள்.

நின்ற கப்பல் எப்படி மறுபடி கிளம்பியது என்ற செய்தி பரவியதும், ஜனங்கள் செய்திப்படங்களில் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நேராகக் காலுக்குத்தான் போனார்கள். கப்பல் கரைசேருவதற்குள் தணிப்பான் அதையும் கற்றுக்கொண்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பிழைத்தவர்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். கடைசியாகத் தூக்குப்படுக்கைகள் வந்தன. நேசனின் கால் பெருவிரல்களைக் காயத்துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. கையில் கட்டுப்போட்ட ஒரு பெண் கூடவே வந்தாள். அவருதான் எங்களுக்கு இப்படிக் கட்டணும்னு சொல்லிக்குடுத்தாரு, அவருக்கு நான் கட்டினேன் என்றாள். பூங்கோதை பையிலிருந்து ஒன்பதாம் நம்பர் செருப்பை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள்.

'தென்கரை' நிருபர் கொஞ்ச தூரத்தில் நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போயிருந்தார். அவள் கைபேசி அடித்தது. அம்மா.

"கோதை, நேசன் வந்துட்டான்லா? இப்பதான் திரையில பாத்தேன். கூட்டத்தோட சிரிச்சுக்கிட்டே இறங்குதான். இடுப்புக்கு மேலதான் காட்டுதானுவ, ஆனா எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? எளச்சிட்டான் பாவி."

பூங்கோதையின் கை அந்தக் காயத்துணி முடிச்சின்மேல் இருந்தது.

"என்னட்டி, பேச்சையே காணும்? அவனுக்குப் புடிக்குமேன்னு நெத்திலி வாங்கி வச்சிருக்கேன். சொல்லு, உலை வைக்கட்டுமா?"