வடிவீடு

காலை ஆறு மணிக்கு அமலோற்பவத்தின் காதுக்குள் மதில் அலுவலகத்தின் குரல் அன்றைய கசிவுகளை வாசித்தது. ஏழாம் பகுதியில் மூன்று. தூத்துக்குடியின் கீழ்நகரம் கடலைவிட நாலு மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலைத் தடுத்து நின்ற கான்கிரீட் மதிலின் உள்முகம்தான் அங்கே பல வீடுகளுக்குப் பின்சுவர். ஒவ்வொரு நாளும் எங்காவது பொட்டுப் பொட்டாய் நீர் துளிர்ப்பது ஊருக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தக் கசிவுகளை அடைப்பதுதான் பதினொரு வருடமாய் அவள் செய்யும் வேலை. கசியும் வெடிப்பை உளியால் வெட்டி, வாய் குறுகி உள்ளே அகலும்படி குடைவாள். தூசியைக் கழுவுவாள். நீரடைச் சிமெண்டைக் கையளவு மட்டும் குழைத்து, உள்ளங்கையில் சூடேறும்வரை பிசைந்து, ஒரே அழுத்தாக உள்ளே திணித்துப் பிடித்துக்கொள்வாள். ஹைட்ராலிக் சிமெண்ட் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும். ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே அது மூன்று நிமிடத்தில் கல்லாகிவிடும்.

எல்லாக் கசிவையும் அடைத்துவிட முடியாது. அடைபட்ட நீர் மதிலுக்குள் வேறு வழி தேடும், அழுத்தம் ஏறினால் மதிலே பிளக்கும். அதனால் அலுவலகத்தில் நீரின் அழுத்தத்தைக் கணக்கிடும் கணிப்பான், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துளையைத் திறந்து விடச் சொல்லும். அது இருக்கும் வீடு வடிவீடு. உப்பு நீரில் உணரிகள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. ஆகவே துளையை அளந்து சொல்ல அங்கே மனிதர் குடியிருந்தாக வேண்டும். யார் என்பதை வருடத்துக்கொரு முறை குலுக்கல் முடிவு செய்யும்.

அந்த வருடம் சீட்டு பிலோமினாவுக்கு விழுந்திருந்தது. கணவன் ஆழ்கடல் பண்ணையில் வேலை, ஆறு மாதத்துக்கொரு முறைதான் வருவான். மூன்று வயது மகளுக்கு மூச்சிழுப்பு. அமலோற்பவம் பக்கத்து வீட்டுக் கசிவை அடைக்கப் போனபோது பிலோமினா அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். சுவர் முழுக்கப் பூஞ்சை. குழந்தை கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது.

"இந்த ஒண்ண மட்டும் அடைச்சுத் தாங்கக்கா. தினம் அளவு சொல்றது நான்தான. திறந்திருக்குன்னே சொல்லிக்கிறேன்."

அமலோற்பவம் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் திறந்து சிமெண்டைக் குழைத்தாள்.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் நண்பகலில் அழைப்பு வந்தது, நாலு வீடு தள்ளி, சூசை வீட்டிலிருந்து. முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவர் அவர். மனைவி சந்தையிலிருந்து திரும்பியபோது கட்டில் சட்டம்வரை தண்ணீர் ஏறியிருந்தது. சுவரில் கை நுழையும் அளவுக்குத் துளை. அவரைத் தூக்கி வெளியே கிடத்தியபின், அமலோற்பவம் பீறிட்ட நீருக்கு முன்னால் நின்றாள். இதை அடைப்பதும் அவளுக்குச் சிரமமில்லை. அடைத்தால் அடுத்தது யார் வீடு என்று மட்டும் தெரியாது.

உளியோடு பிலோமினா வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். பிலோமினா வாசலை மறித்து நின்றாள். குழந்தை இப்போதுதான் மூன்று நாளாகப் படுத்துத் தூங்குகிறது என்றாள்.

"அவரால எந்திரிச்சு ஓட முடியாது, பிலோமினா" என்றாள் அமலோற்பவம்.

பிலோமினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கி வழிவிட்டாள். தான் அடைத்ததைத் தானே பெயர்ப்பது அமலோற்பவத்துக்கு முதல் தடவை. அடைக்க மூன்று நிமிடம் ஆனது, பெயர்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய துளையில் நீர் ஓடத் தொடங்கியதும் சூசை வீட்டில் வேகம் தணிந்தது. அங்கே போய் அந்தத் துளையை அடைத்தாள்.

மாலையில் மதில் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் தானே சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். அவள் அதை மறுக்கவில்லை. வடிவீட்டில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் குடியிருக்கலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் விதியைப் புரட்டிப் பார்த்தார். இருக்கலாம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

மறுநாளே பிலோமினாவும் மகளும் மேட்டுத்தெருவில் அமலோற்பவத்தின் அறைக்குக் குடிபோனார்கள். அமலோற்பவம் வடிவீட்டுக்கு வந்தாள். நான்கு வாரத்தில் குழந்தை தெருமுனைவரை மூச்சு வாங்காமல் ஓடியதாகப் பிலோமினா வந்து சொன்னாள். பேசிக்கொண்டே துடைப்பத்தை எடுத்து, தரையில் நின்ற தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள்.

அவள் போனபின் அமலோற்பவம் துளையருகே குனிந்தாள். உள்ளங்கை தானாகவே போய்த் துளைமேல் படிந்தது. மறுபுறத்துக் கடல் விரல்களை மெல்லத் தள்ளியது. சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அளவுகோலை வைத்துத் துளையின் விட்டத்தைக் குறித்துக்கொண்டாள்.