ரூபினியின் நடை

இப்போதெல்லாம் மனிதர்களுக்குத் தங்கள் காது மேலேயே நம்பிக்கை இல்லை. ஒரு பாட்டு சோகமா, சந்தோஷமா என்று போனைக் கேட்கிறார்கள். இனிமேல் சோற்றில் உப்பு சரியா என்றும் அதையே கேட்பார்கள்.

நான் மலேசியாவில், லாபிஸ் ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஜாகா. வாசலில் உட்கார்ந்து காவல் காப்பவன். அன்று மாலை மண்டபத்தைப் பூட்டப் போனேன். உள்ளே ஒத்திகை முடியவில்லை. மறுநாள் பள்ளி விழாவுக்கு ஒரு பழைய ஆங்கில ராக் பாட்டாம். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கஸ்தூரி டீச்சர் போனைப் பார்த்துப் படித்தார்.

"வேகம், நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தட்டு. சுருதி, ஈ மைனர். குணம், சோகம். புரிஞ்சுதா?"

பாடப்போகிறவள் ஐந்தாம் வகுப்பு ரூபினி. தலையாட்டினாள். டிரம் செட் கிடையாது. அதனால் செல்வா உருமியைத் தோளில் மாட்டியிருந்தான். கோயில் உருமி மேளத்தில் மாமாவோடு வாசிக்கிற பையன். டீச்சர் கீபோர்டில்.

பாட்டு நிதானமாகத்தான் தொடங்கியது. பாதி போவதற்குள் உருமி ஓட ஆரம்பித்தது. ரூபினி வார்த்தைகளைக் கடித்து விழுங்கினாள்.

"டேய்! நான் பாடுறேனா, ரயிலைத் துரத்துறேனா?"

"வேணும்னே செய்யல லா!" என்றான் செல்வா.

போன் நூற்றுப் பத்து என்று காட்டியது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே ஓட்டம்.

டீச்சர் கையை எடுத்துவிட்டார். "செல்வா, கோவிச்சுக்காதே. நாளைக்குப் போன்ல இருக்கிற டிரம்மையே போட்டுக்கலாம். நீ பக்கத்துல நின்னு கை தட்டு."

செல்வா உருமியைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா விழாவுக்காக வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

ரூபினி தண்ணீர் பாட்டிலோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டா வேகமாகுது?"

"காவடி வந்தா நாங்க ஆடுறவங்க காலைத்தான் பார்த்து அடிப்போம். கால் எப்படியோ அடியும் அப்படி. அதே பழக்கம்."

"இங்க யாரு ஆடுறா?"

செல்வா குரலைத் தாழ்த்தினான். "டீச்சர். கீபோர்டுக்குக் கீழ பாரு. நாளைக்கு விழாங்கிற பயத்துல கால் தடதடன்னு ஆடுது. கண்ணு தானா அங்க போயிடுது."

"அலமாக்! ஐயய்யோ!" ரூபினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "டீச்சர்கிட்ட சொல்லிடாதே. பாவம், இன்னும் பயந்துடுவாங்க," என்றாள்.

எழுந்து போனாள். "டீச்சர், ஒரே ஒரு தடவை. செல்வா என் பக்கம் திரும்பி நிக்கட்டும். நான் சும்மா நின்னு பாடாம, மெதுவா நடந்துக்கிட்டே பாடுறேன்."

"நடந்தா மூச்சு வாங்குமே?"

"மூச்சு வாங்காத மாதிரி நடக்கிறேன் டீச்சர்."

காலணியைக் கழற்றி வைத்தாள். செல்வா அவள் காலை மட்டும் பார்த்தான். ஓர் அடி, ஒரு தட்டு. இன்னோர் அடி, இன்னொரு தட்டு. கீபோர்டுக்குக் கீழே டீச்சர் கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது. உருமி அந்தப் பக்கம் போகவில்லை. ரூபினிக்குக் கடைசி வரிவரை மூச்சு இருந்தது.

டீச்சர் போனைப் பார்த்தார். "எழுபத்திரண்டு! செல்வா, நாளைக்கு நீதான்டா அடிக்கிறே!"

செல்வா உருமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான்.

டீச்சர் என்னைப் பார்த்து, "கேட்டீங்களா ஐயா? எவ்வளவு சோகமான பாட்டு!" என்றார்.

நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தேன். காது வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதுவா சோகம்?" என்று கேட்டுவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன்.