குட்டி படுத்த பக்கம்

காலையில் நான்தான் முதலில் எழுவேன். பால் காய்ச்சுவேன். இரண்டு முட்டை வேகவைப்பேன். அதில் ஒன்று எப்படியும் வெடித்துவிடும். வெடித்தது எனக்கு. முழுசாக இருப்பது என் மகளுக்கு. அவள் பல் துலக்கிக்கொண்டே பேசுவாள். வாயில் நுரை இருப்பதால் பாதி புரியாது. நான் "ம்" என்பேன். பிறகு இருவரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு லாயத்துக்குப் போவோம்.

லாயம் என்றால் குதிரைகள் இருக்கும் இடம். எனக்கு அங்கேதான் வேலை. எங்கள் வீடு அதற்குப் பின்புறம். மகளுக்கு ஒன்பது வயது. எல்லாரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா போன வருடம் இறந்துவிட்டாள்.

அன்று பள்ளி விடுமுறை. முந்தின நாள்தான் பழுப்புக் குதிரை குட்டி போட்டிருந்தது. குட்டி எழுந்து நின்றது. பால் குடித்தது. அதுவரை எல்லாம் சரி. பிறகு படுத்தது. அதன் விலா வேகமாக ஏறி இறங்கியது, ஓடிவந்த குதிரைக்கு இரைப்பதுபோல. ஆனால் அது எங்கும் ஓடவில்லை.

டாக்டரம்மா வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குட்டியின் இடது நுரையீரல் தாய் வயிற்றுக்குள் இருந்தபோதே சரியாக வளரவில்லை என்றார். வாண்டு உடனே, தாய்க்குதிரைக்கு ஏதாவது தப்பாகத் தின்னக் கொடுத்துவிட்டோமா என்று கேட்டாள். இல்லை, யார் மேலும் தப்பில்லை, சில குட்டிகள் இப்படிப் பிறந்துவிடும் என்றார் அவர்.

"வலது பக்கம் நல்லா இருக்கு. ரெண்டு பேர் வேலையையும் அது ஒண்ணுதான் பாக்கணும். அதனால வலது பக்கம் கீழ இருக்கிற மாதிரி படுக்கவே விடாதீங்க. நல்ல நுரையீரல் நசுங்கிரும்."

"படுத்தா?" என்றாள் வாண்டு.

"மூச்சு திணறும். களைச்சுப் போயிரும். இந்த சில நாள் களைக்காம தாண்டிட்டா, தேறிடும்."

"தாண்டலன்னா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன். "பிழைக்காது" என்றார்.

மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். ஆனால் குட்டி ஒவ்வொரு முறையும் சரியாக வலது பக்கம்தான் படுத்தது. நானும் மீசை மாமாவும் அதைத் திருப்பிப் போட்டோம். மீசை மாமா என்னோடு வேலை செய்பவர். கொஞ்ச நேரத்தில் அது உதைத்துக்கொண்டு எழுந்து, பழையபடியே விழுந்தது. வைக்கோல் அடைத்த சாக்கை முட்டுக் கொடுத்தோம். சாக்கை எட்டி உதைத்தது. சாக்கு மீசை மாமாவின் முழங்காலில் பட்டது.

"நல்லதச் சொன்னா கேக்காது. அப்படியே வாண்டு மாதிரி" என்று அவர் காலைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் யாரையும் உதைச்சதில்ல மாமா."

"போன வாரம்?"

"அது கால் தடுக்கிருச்சு."

மதியம் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். லேசாக நீலம் பூத்திருந்தது. திருப்பிப் போடும் ஒவ்வொரு முறையும் அது போராடியது. போராடிப் போராடியே களைத்தது. டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். வேறு வழியில்லை, திருப்பிக்கொண்டே இருங்கள், சாயங்காலம் வருகிறேன் என்றார். அவர் குரல் நன்றாக இல்லை.

வாண்டு கதவுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். குட்டியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அப்பா, நான் உள்ள வந்து படுத்துப் பாக்கவா?"

"எதுக்கு?"

"சொல்றேன். தாய்க்குதிரைய மட்டும் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். அவள் குட்டிக்குப் பக்கத்தில், முதுகு சுவரை ஒட்டும்படி படுத்தாள். தலையை இடது மூலைப் பக்கம் வைத்தாள். இடது மூலையில்தான் புல் தொட்டி. தாய்க்குதிரை எப்போதும் நிற்பதும் அங்கேதான்.

"இப்ப எனக்கு எந்தக் கை கீழ இருக்கு?"

"வலது கை."

அவள் எழுந்து, தலையை எதிர் மூலைப் பக்கம் வைத்து மறுபடியும் படுத்தாள். முதுகு அதே சுவரில். இப்போது இடது கை கீழே இருந்தது.

"குட்டிக்கு வலது இடதெல்லாம் தெரியாதுப்பா. அது அம்மாவப் பாத்துப் படுக்குது. முதுகுக்குச் சுவர் வேணும், கண்ணுக்கு அம்மா வேணும். அவ்வளவுதான். தொட்டிய அந்த மூலைக்கு மாத்திட்டா போதும்."

மீசை மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து இரண்டு பெரிய ஆட்கள் குட்டியைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தோம்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

அவள் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். "நானும் அப்படித்தானே. கட்டில்ல அம்மா இருந்த பக்கம் திரும்பித்தான் தூங்குவேன். இப்பவும்."

எனக்கு அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

தொட்டியை எதிர் மூலைக்கு இழுத்தோம். தண்ணீர் வாளியையும் வைத்தோம். தாய்க்குதிரைக்குப் பிடிக்கவில்லை. காலி மூலையை ஒருமுறை மோந்து பார்த்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. ஆனால் பசிக்கு முன்னால் கோபம் எத்தனை நேரம் நிற்கும்? புதிய மூலைக்குப் போய்ப் புல்லை இழுத்தது.

குட்டி தள்ளாடி எழுந்தது. அம்மாவைத் தேடிப் போய்க் கொஞ்சம் பால் குடித்தது. சுவர் பக்கம் வந்தது. வாண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி முன்னங்கால்களை மடக்கியது. அம்மா எங்கே என்று பார்த்தது. முதுகைச் சுவரில் சாய்த்து, அம்மாவின் பக்கம் தலையை நீட்டிப் படுத்தது.

இடது பக்கம் கீழே இருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. அதுவும் உதைக்கவில்லை. விலா மெல்ல மெல்ல நிதானமாக ஏறி இறங்கியது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது ஈறு மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டி ஏன் இடம் மாறியது என்று கேட்டார். மீசை மாமா, தானே கண்டுபிடித்ததுபோல விளக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் வாண்டைக் கைகாட்டினார். இன்னும் சில நாள் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் இப்போது நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பந்தயத்தில் மட்டும் இது ஓடாது என்றும் சொன்னார்.

"நானும்தான் ஓட மாட்டேன். எனக்கு என்ன குறைச்சல்?" என்றாள் வாண்டு.

அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் கதவோரம் உட்கார்ந்திருந்தோம். குட்டி தூங்கியது. தாய்க்குதிரை மெல்லும் சத்தம் கேட்டது.

"அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

நான் ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"பெரியம்மா சொன்னாங்க, 'வாண்ட நல்லாப் படிக்க வைங்க'ன்னு அம்மா சொன்னாங்களாம். நிஜமா?"

"பெரியம்மா அப்ப அங்க இல்ல. நான்தான் இருந்தேன்."

"அப்ப நிஜமா என்ன சொன்னாங்க?"

இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரிதாக ஒன்றுமில்லையே என்று நினைத்திருந்தேன். நீ அன்று என் மடியில் தூங்கிப்போயிருந்தாய் என்றேன். ஆஸ்பத்திரி அறையில் நாற்காலி ஜன்னல் பக்கம் கிடந்தது, அம்மா கதவைப் பார்த்துப் படுத்திருந்தாள் என்றேன். அவள் கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நம்மைப் பார்த்தபடியே தூங்கிவிட்டாள், பிறகு எழவில்லை. அதற்கு முன்னால் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நாற்காலிய இந்தப் பக்கம் போடுங்க. அங்க உக்காந்தா உங்க ரெண்டு பேர் முகமும் தெரியல."